பேருந்தில் வந்த சூனியக்காரி

எழுபதுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை. எனக்கு எத்தனை வயது என்று கேட்டால், அந்தக் குளிர்காலத்தில் அறுபது இருந்திருக்கும் என்றுதான் சொல்வேன். உண்மையில் முப்பதுகூட ஆகவில்லை.

குளிர் தேசத்தில் சின்னக் குழந்தைகளை வளர்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பாதி நாள் துணி மாட்டுவதில் போகும், மீதி நாள் கழற்றுவதில் போகும். பனியன், கம்பளிக் காலுறை, சட்டை, ஸ்வெட்டர், கோட்டு, மஃப்ளர், குல்லா, கையுறை என்று ஒவ்வொன்றாக மாட்டி, பூட்ஸுக்குள் காலைத் திணித்து, வேர்த்து விறுவிறுத்துக் கதவு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினால், "அம்மா, ஒண்ணுக்கு" என்பான். திரும்பவும் முதலில் இருந்து. இருவருக்கும் மாறி மாறிச் சளி. ஒன்று தூங்கினால் மற்றது இருமும். ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி எழுந்தது எப்போது என்றே எனக்கு ஞாபகம் இல்லாமல் போயிருந்தது.

பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. கணவர் காலையில் இருட்டோடு சைக்கிளில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி, ரொட்டி, பால், உருளைக்கிழங்கு வாங்கும் அளவுக்குத்தான். ரொட்டிக் கடைப் பெண் என் வணக்கத்துக்குப் பதில் சொல்ல மாட்டாள். தபால் நிலையத்தில் இருப்பவள் நான் வாயைத் திறக்கும் முன்பே முகத்தைச் சுளிப்பாள். தெருவில் முன்பின் தெரியாத அம்மாக்கள் நிறுத்தி, பையனின் குல்லா காதை மூடவில்லை என்று கண்டிப்பார்கள். அந்த ஊரில் எல்லாப் பெண்களும் சேர்ந்து என்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்றே நம்பினேன். பதிலுக்கு நானும் எல்லார்மேலும் கோபமாக இருந்தேன்.

எல்லாரையும்விட எங்கள் வீட்டுக்காரம்மாமேல்தான் அதிகக் கோபம். அவர் கீழ் வீட்டில் இருந்தார். தினமும் காலையில் மாடிக்கு ஏறி வருவார். "லுஃப்ட்! லுஃப்ட்!" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல்களை அகலத் திறப்பார். லுஃப்ட் என்றால் காற்று. வெளியே பனி கொட்டும், உள்ளே சளி பிடித்த இரண்டு குழந்தைகள், இந்த அம்மாளுக்குக் காற்று வேண்டும்! அவர் படி இறங்குகிற சத்தம் கேட்டதும் நான் ஜன்னலை இழுத்துச் சாத்துவேன். இடுக்குகளில் கணவரின் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்துவைத்திருந்தேன். பனிக்காற்று பட்டால் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. நான் வளர்ந்த வீட்டில் மார்கழி மாசத்து விடியலில்கூடத் தலையில் துண்டு கட்டாமல் பிள்ளைகளை வாசலுக்கு விட மாட்டார்கள்.

இனி வேஷத்துக்கு வருகிறேன். இப்போது சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில்கூட அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று சொல்லிக்கொண்டு குழந்தைகள் பேயும் பிசாசுமாக வந்து கதவைத் தட்டுகின்றன. அப்போது ஜெர்மனிக்காரர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு அந்தக் கூத்தெல்லாம் குளிர்காலக் கடைசியில்தான். ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலம் தொடங்குவதற்குள் ஒரு மூச்சு ஆடித் தீர்த்துவிடுவார்கள். ஃபாஷிங் என்று பெயர். வருஷம் முழுக்கச் சிரிக்காத மனிதர்கள் அன்றைக்கு மூக்கில் சிவப்புப் பந்து மாட்டிக்கொண்டு தெருவில் ஆடுவார்கள்.

முதல் வருஷம் எங்களுக்கு இது தெரியாது. மகளை வழக்கம்போல் ஸ்வெட்டரும் பாவாடையுமாக மழலையர் பள்ளிக்கு அனுப்பிவிட்டோம். அங்கே எல்லாரும் ராஜகுமாரியும் பூனையுமாக இருந்திருக்கிறார்கள். டீச்சர் பாவப்பட்டு ஒரு காகிதத் தொப்பியைத் தலையில் வைத்துவிட்டார். சாயங்காலம் அந்தத் தொப்பியைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நமக்கு மட்டும் ஏம்மா தெரியல?" என்று கேட்டாள்.

அதனால் அடுத்த வருஷம் பள்ளியில் குடும்பத்தோடு வேஷம் போட்டு வரச்சொல்லிவிட்டார்கள் என்று அவள் ஓடி வந்தபோது, எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேரும் போட வேண்டும், ஒருத்தர் குறையக் கூடாது என்பது அவள் உத்தரவு.

என்ன வேஷம் என்று சாப்பாட்டு மேஜையில் ஆலோசனை நடந்தது. கணவர் சட்டென்று முடித்துவிட்டார். "கிருஷ்ணர் குடும்பம். ஸிம்பிள். சின்னவன் கிருஷ்ணர். நான் நந்தகோபன், வேட்டி கட்டித் தலைப்பாகை வெச்சா போதும். நீ யசோதை. உனக்கு காஸ்ட்யூமே வேணாம், பொடவையே போதும்."

மகளை ராதை என்றோம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "ராதை சும்மா நிக்கும். நான் பசு."

"பசுவாடி? அழகாப் பாவாடை கட்டி, பூ வெச்சு விடுறேன்டி."

"பசுவுக்கும் பூ வைக்கலாம்" என்றாள். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

பொறியாளர் கிரீடம் செய்தால் எப்படி இருக்கும் என்று அந்த வாரம் பார்த்தேன். ஸ்கேல், காம்பஸ், வரைபடம் என்று மேஜை முழுக்கப் பரப்பினார். சாக்லேட் பெட்டியில் வந்த தங்கத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டினார். மயிலிறகு எங்கே கிடைக்கும்? அதையும் காகிதத்தில் வரைந்து வண்ணம் தீட்டினார். கொம்புகளுக்கு அட்டைக் குழல். வால் மட்டும் என் பொறுப்பு. குழந்தைகள் தூங்கிய பிறகு பழுப்புக் கம்பளி நூலைப் பின்னலாகப் பின்னி, பழைய பைஜாமாவில் வைத்துத் தைத்தேன். தைத்தபடியே தூங்கிப்போய், ஊசி விரலில் ஏறித்தான் விழித்துக்கொண்டேன். சந்தோஷமாகச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எப்படா முடியும் என்றுதான் இருந்தது.

கிருஷ்ணர் என்றால் நீலமாக இருக்க வேண்டுமே. எழுதுபொருள் கடையில் அந்தச் சீசனுக்கு முகத்தில் பூசும் வண்ணங்கள் சின்னச் சின்ன டப்பாவில் வந்திருந்தன. வெண்ணெய் போலப் பிசுபிசுப்பாக இருக்கும். நல்ல நீலமாக ஒரு டப்பா வாங்கிவந்தேன்.

அன்று காலையில் எழுந்ததும் மகனுக்குக் குரல் கம்மியிருந்தது. முதல் நாள் குளிக்க மாட்டேன் என்று கத்தி அழுத அழுகைக்கு அது ஒரு ஆச்சரியமாகத் தெரியவில்லை. மூக்கு எப்போதும்போல ஒழுகிக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், லேசான சூடு. போக வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். திரும்பினால், விடிந்ததில் இருந்து தலையில் கொம்போடு கண்ணாடி முன்னால் நிற்கிறாள் பசு. சரி, போய்ச் சீக்கிரம் வந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மகனை மடியில் உட்காரவைத்து நெற்றி, கன்னம், மூக்கு, உதடு எல்லாம் நீலம் பூசினேன். கைகளுக்கும் விரல் நுனி வரைக்கும் பூசினேன். வழக்கமாக முகம் துடைக்கப் போனாலே வீடு இரண்டாகும். அன்றைக்கு அசையாமல் என் நெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அடடா, என்ன சமர்த்து என்று கொஞ்சினேன். கடைசியில் நீலக் கன்னத்தில் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தேன். சாமியாகவே இருந்தாலும் என் பிள்ளைக்குக் கண் படக் கூடாதல்லவா?

பள்ளியின் பெரிய கூடத்தில் கணப்பு எரிந்து, கூட்டம் சேர்ந்து, உள்ளே ஒரே புழுக்கம். ஜாம் வைத்துப் பொரித்த உருண்டைகளின் வாசனை. கணவர் அலுவலகத்தில் இருந்து நேரே சைக்கிளில் வந்தார். கழிப்பறையில் போய், கம்பளிக் காற்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு, தலைப்பாகையோடு வெளியே வந்தார். ஒரு கடற்கொள்ளைக்காரர் அவரிடம் குழந்தை ஏன் நீலம் என்று விசாரித்தார். இவரும் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் துவாபர யுகத்தில் இருந்து ஆரம்பித்துவிட்டார். கன்னியாஸ்திரி வேஷத்தில் ஒரு அம்மாள் பீர் குடித்துக்கொண்டே தலையாட்டிக் கேட்டாள்.

என்னிடமும் ஒருவர் வந்து, நீங்கள் என்ன வேஷம் என்று கேட்டார். யசோதையை எப்படி விளக்குவது? "அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கே இருப்பதிலேயே களைத்துப்போன வேஷம் அதுதான் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

மகள் நாலு காலில் தவழ்ந்து, எல்லார் காலடியிலும் போய் "அம்மா..." என்று கத்திக்கொண்டிருந்தாள். ஜெர்மன் பசு அப்படிக் கத்தாது என்று பிள்ளைகள் சொன்னார்களாம், இது இந்தியப் பசு என்று சொல்லிவிட்டாளாம். போன வருஷத்துத் தொப்பியின் கணக்கை அவள் தீர்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கியது.

அங்கே நாய் வேஷத்தில் ஒரு பையன் இருந்தான். எல்லாரையும் பார்த்துக் குரைத்துக்கொண்டே வந்தவன் எங்கள் அருகில் வந்து, மகனைப் பார்த்தும் குரைத்தான். என் மகனும் பதிலுக்குக் குரைத்தான். அடித்தொண்டையில் இருந்து, கரகரவென்று, அச்சு அசல் நாய்க்குட்டியேதான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துக் கைதட்டினார்கள். நீலச் சாமி குரைக்கிறது என்றார்கள். நாய்ப் பையனுக்கு ஒரே குஷி. அவன் குரைக்க, இவன் குரைக்க, நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அது இருமல் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெற்றவளுக்கே தோன்றவில்லையே!

இருட்டத் தொடங்கியபோது கிளம்பினோம். பசுவுக்குச் சைக்கிளில்தான் வர வேண்டுமாம், வால் பறக்குமாம். அதனால் கணவர் அவளைப் பின்னால் உட்காரவைத்து முன்னே போய்விட்டார். நான் மகனுக்கு எல்லாத் துணியும் மாட்டி, குல்லாவுக்கு மேல் கிரீடத்தையும் கவிழ்த்து, மஃப்ளரை மூன்று சுற்றுச் சுற்றி, போதாததற்கு என் சால்வையையும் போர்த்திக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

பேருந்து முழுக்க வேஷக்காரர்கள். ஊர்வலம் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம். ஒருவர் ட்ரம்பெட் ஊதினார், மற்றவர்கள் தோளோடு தோள் கோத்துக்கொண்டு பாடினார்கள். பாதிப் பேருக்குக் கால் தள்ளாடியது. ஜன்னல்கள் எல்லாம் மூடி, கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. எனக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். மடியில் மகன், உடம்பில் கதகதப்பு. கண் செருகியது.

விழித்தபோது எதிர் இருக்கையில் ஒரு சூனியக்காரி. முகம் பூராவும் பச்சைச் சாயம். பற்களில் ஒன்று விட்டு ஒன்று கறுப்பு. கந்தல் சணல் போல முடி. ரப்பர் நாடாவில் கட்டிய, மருவோடு கூடிய நீள மூக்கு. கையில் துடைப்பம். குனிந்து என் பிள்ளையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் காட்டி விளையாடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, நான் அவனை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். எனக்கு விளையாட்டுக்குத் தெம்பில்லை.

அவள் ஏதோ கேட்டாள். புரியவில்லை. மறுபடியும் கேட்டாள், இப்போது குரலில் விளையாட்டு இல்லை. தன் பொய் மூக்கைப் பிய்த்து எடுத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, என்னைக் கேட்காமலே சால்வையை விலக்கி, அவன் நெஞ்சில் காதை வைத்தாள். பிறகு திரும்பி, பாடுகிறவர்களைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். பாட்டு நின்றது.

அப்போதுதான் எனக்குக் கேட்டது. என் பிள்ளை மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஈர விறகை அறுப்பது போல ஒரு சத்தம். தொண்டைக் குழி உள்ளே உள்ளே போய் வந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அவள் கைக்குட்டையை எடுத்து அவன் உதட்டை அழுத்தித் துடைத்தாள். வெள்ளைத் துணியில் நீலம் வந்தது. இன்னொரு மூலையால் திரும்பத் துடைத்தாள். துணி சுத்தமாக வந்தது. உதடு மட்டும் நீலமாகவே இருந்தது.

சாயம் போன இடத்திலும் நீலம். இன்றைக்கும் எனக்குச் சில ராத்திரிகளில் தூக்கம் கலைவது அந்த உதட்டைக் கண்டுதான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஒரே இழுப்பில் நடந்தது. அவள் ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினாள். பேருந்து ஓரமாக நின்று கதவு திறந்தது. என் மடியில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கினாள். இறங்கி என்ன செய்தாள் தெரியுமா? மஃப்ளரை உருவி எறிந்தாள். குல்லாவைக் கழற்றினாள், கிரீடம் உருண்டது. கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்து, அந்தக் கொலைக்குளிரில், காற்று வந்த திசைக்கு நேராக அவனை நிமிர்த்திப் பிடித்தாள்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சூனியக்காரி என் பிள்ளையைக் கொல்கிறாள் என்றே நினைத்தேன். வேஷம் என்பதெல்லாம் மறந்துபோனது. "ஐயோ, பனி! புள்ளைக்குப் பனி ஆகாதும்மா! குடும்மா எம் புள்ளைய!" என்று தமிழில் கத்திக்கொண்டே அவள் முடியைப் பிடித்து இழுத்தேன். அந்தச் சணல் முடி கையோடு வந்தது. அவள் பிள்ளையை விடவில்லை. என்னைத் தள்ளவும் இல்லை. ஒரு கையால் அவனை நெஞ்சோடு தாங்கிக்கொண்டு, மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"லுஃப்ட். கால்ட். கூட்."

காற்று. குளிர். நல்லது. எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஜெர்மனில் அந்த மூன்று வார்த்தையும் இருந்தது. முதல் வார்த்தையைத்தான் தினமும் காலையில் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்தேனே.

நம்பினேன் என்று சொல்ல முடியாது. பிடுங்கிக்கொண்டு ஓட எனக்கு ஓர் இடம் தெரியாது, அவ்வளவுதான். கையைத் தளர்த்தினேன். நின்றேன். பனி அவன் நீல நெற்றியில் விழுந்து கரைந்தது. ஒரு மூச்சு, சத்தத்தோடு. இன்னொன்று. பிறகு ஒன்று, கொஞ்சம் குறைந்த சத்தத்தோடு. அவன் கண்ணைத் திறந்து அந்தப் பச்சை முகத்தைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். அழுதான். அழுகையே குரைப்பாகத்தான் வந்தது, ஆனாலும் அழுதான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அழ முடிகிறது என்றால் மூச்சு போகிறது என்றுதான் அர்த்தம் என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

நிமிஷம் பிசகாமல் ஓடுகிற ஜெர்மன் பேருந்து அன்றைக்குத் தன் பாதையை விட்டது. எங்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு, ஓட்டுநர் அடுத்த திருப்பத்தில் வண்டியை வளைத்து, நிறுத்தங்கள் எதிலும் நிற்காமல், குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்து ஓட்டினார். யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். சூனியக்காரி திறந்த ஜன்னலுக்கு நேராக மகனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்லிய ஜிகினா உடையில் ஒரு ராஜகுமாரி, சட்டை போடாத ஒரு குகைமனிதர், ட்ரம்பெட்காரர் எல்லாரும் பல் கிட்டி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் என் பிள்ளையின் கிரீடத்தைப் பனியில் இருந்து எடுத்து, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மருத்துவமனை வாசலில் ஒரு நர்ஸ் எங்களைப் பார்த்ததும் அலறாத குறை. முகமும் கையும் கருநீலமாக ஒரு குழந்தை வந்தால் வேறென்ன செய்வாள்? சூனியக்காரி படபடவென்று விளக்கிச் சொன்னாள். தொண்டைக்குள் வீக்கம், குரைக்கிற இருமல், அது இது என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்?

ஊசி போட்டார்கள். ஈரக் காற்று நிரப்பிய கூடாரம் போல ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். எண்ணெய் தொட்டு ஒரு நர்ஸ் நீலத்தைத் துடைத்துக்கொண்டே வர, அடியில் இருந்து என் பிள்ளையின் மாநிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. உதடும் சிவந்துகொண்டு வந்தது. திருஷ்டிப் பொட்டைத் துடைக்கப் போனபோது மட்டும் நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, விட்டுவிட்டாள்.

வீட்டுக்காரம்மாவின் தொலைபேசிக்குச் செய்தி போயிருந்தது. அவரே தன் காரில் கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வேட்டியும் தலைப்பாகையுமாக நந்தகோபன் ஓடி வந்தார். பின்னால் கொம்பு ஒன்று வளைந்துபோன பசு. என்னைக் கண்டதும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி செத்துடுவானா?" என்று கேட்டாள்.

"இல்லடா கண்ணு. மூச்சு வந்துடுச்சு."

"நான்தானே வேஷம் போடணும்னு சொன்னேன்" என்றாள். அவள் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டார். தூக்கிக்கொண்டு அவரும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மருத்துவர் வந்து பேசினார். இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் புழுக்கத்திலேயே போர்த்திவைத்திருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்றார். குளிர்ந்த காற்றில் பிடித்தது யார், அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்றார். நான் வாசலுக்கு ஓடினேன். யாரும் இல்லை. பேருந்தும் போய்விட்டது. நர்ஸிடம் கேட்டேன், சூனியக்காரி தன் பெயர் எதுவும் சொல்லவில்லையாம். நன்றி என்ற ஒரு வார்த்தை எனக்கு ஜெர்மனில் நன்றாகவே வரும். அதைச் சொல்லியிருக்கலாம். முடியைப் பிய்த்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். மிளகாய் சுற்றிப்போட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. அந்த நெடி பிள்ளையின் தொண்டைக்கு ஆகாது என்று கணவர் தடுத்தார். உப்பை மட்டும் சுற்றி வெளியே பனியில் போட்டேன். அது விழுந்த இடத்தில் பனி உருகிச் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா மேலே வந்தார். ஜன்னல் பக்கம் போகத் தயங்கி, என் முகத்தைப் பார்த்தார். நானே போய், இடுக்கில் திணித்திருந்த வேட்டித் துணியை உருவிவிட்டு, ஜன்னலைத் திறந்தேன்.

மகனின் கோட்டுப் பையில் அந்த மூக்கு இருந்தது. களேபரத்தில் யார் போட்டார்களோ. காகிதக் கூழில் செய்து, மருவில் ஒரு பன்றிமயிரும் ஒட்டிய மூக்கு. அதை வைத்துக்கொண்டு அவளைத் தேடினோம். கணவர் பேருந்து நிலையத்துக்குப் போய் அந்த ஓட்டுநரைக் கண்டுபிடித்தார். அவருக்கு எங்களை நன்றாக ஞாபகம் இருந்தது. அவளைத்தான் தெரியவில்லை. "அன்னிக்கு என் வண்டியில எத்தனையோ சூனியக்காரி ஏறுனாங்க" என்றாராம். வண்டியில் வந்தவர்களைக் கேட்கலாம் என்றால், அவர்கள்தான் யார்? ராஜகுமாரி, குகைமனிதர் என்று யாரைப் போய் விசாரிப்பது?

நான் அவளை எதிரில் பார்த்தாலும் எனக்குத் தெரியாது. பச்சை முகமும் கறுப்புப் பல்லும் போனால் மிச்சம் என்ன? கண் என்ன நிறம் என்று கணவர் கேட்டார். நான் அவள் கண்ணையா பார்த்தேன், என் பிள்ளையின் உதட்டையல்லவா பார்த்தேன். வயது முப்பதா ஐம்பதா, அதுவும் தெரியாது. என் மணிக்கட்டைப் பிடித்த கை பெரிதாக, சூடாக இருந்தது. அதுதான் தெரியும்.

அதற்குப் பிறகு ரொட்டிக் கடையில் பொட்டலத்தை நீட்டுகிற கையைப் பார்ப்பேன். பெரிய கைதான். என் வணக்கத்துக்குப் பதில் சொல்லாத அவளாக இருக்குமோ? தபால் நிலையத்தில் முகம் சுளிப்பவளுக்கும் பெரிய கை. குல்லா காதை மூடவில்லை என்று தெருவில் கண்டித்தவளோ? ஒருத்தியையும் இவள் இல்லை என்று தள்ள முடியவில்லை. தள்ள முடியாததால் எல்லாரிடமும் சிரித்துவைத்தேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் வணக்கம் சொன்னேன். சிலர் திருப்பிச் சிரித்தார்கள். சிலர் கடைசி வரைக்கும் சிரிக்கவில்லை. களைப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை, குளிரும் குறையவில்லை. ஆனால் அந்த ஊர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. கோபப்பட்டால் அவள்மேலேயே கோபப்படுவது போல இருந்தது.

மறு வருஷ ஃபாஷிங்குக்கு மகள் தனியாகப் பசுவாகப் போனாள். தம்பிக்கு நீலம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தத் தம்பி இப்போது மூச்சு விடாமல் பேசுகிற ஆளாகிவிட்டான், அவன் பிள்ளைகள் ஹாலோவீனுக்கு வேஷம் கட்டுகிறார்கள். மூக்கு என் அலமாரியில்தான் இருக்கிறது. நாங்கள் ஊர் திரும்பி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவள் இங்கே வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் வங்கியிலோ பேருந்திலோ கடுகடுவென்று ஒரு முகம் என்னைப் பார்த்து எரிந்து விழும்போது, பதிலுக்கு வாயைத் திறக்கும் முன், சாயத்தைத் துடைத்தால் அடியில் யார் இருப்பாளோ என்று ஒரு கணம் தயங்கி, நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விடுகிறேன்.